கைப்பேசியின் வேர்ச்சாவி

பிழைப்பை நாடி மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழர் எவரையேனும் நிறுத்தி, "உம்மிடம் உள்ள பொருள்களுள் எது இல்லாவிடின் இன்றைய பொழுது ஓடாது?" என்று வினவினால், பெரும்பாலோர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவர். மாதம் பிறந்ததும் ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் செல்வது கைப்பேசியின் வழியாக. குழந்தையின் முகத்தை இரவில் காண்பது அதன் வழியாக. அறிமுகமில்லாத தெருவில் வழி கேட்பதும், இரயிலுக்குச் சீட்டுப் பதிவு செய்வதும் அதன் வழியாகவே. இவ்வளவு சுமையையும் தாங்கும் கருவி மூன்று நான்கு ஆண்டுகளில் தளர்ந்து போகிறது. அப்பொழுது அடுத்த அறை நண்பர் ஒருவர், "ரூட் செய்துவிடு, புதியது போல் ஓடும்" என்று யோசனை கூறுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முயற்சி தொடங்கும். மாலையில் கருவி உற்பத்தியாளரின் சின்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு, அணைவதும் எரிவதுமாக நிற்கும்.

அந்த மாலைப் பொழுதின் கலக்கத்தை நாமும் ஒருமுறை அனுபவித்திருக்கிறோம். ஆகவே, ரூட் என்பது யாது, அதனைப் பெறும் வழி எது, முயற்சி தவறினால் எங்கே தவறியது என்று கண்டறிவது எங்ஙனம் என்பவற்றை நேயர்களுக்கு ஒழுங்குபடக் கூற விழைகிறோம்.

'ரூட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் என்பது பொருள். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் கோப்பை மற்றொருவர் அழித்துவிடாதிருக்க, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கி, அவரவர் எல்லையை வகுத்தனர். எல்லை ஏதுமற்ற ஒருவருக்கு மட்டும் பூச்சியம் என்ற எண்ணைத் தந்தனர். அவரே ரூட். அவர் எதையும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம்; தடுப்பார் இல்லை. 1991இல் ஃபின்லாந்து நாட்டு மாணவரான லைனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய லினக்ஸ் இதே நெறியைப் பின்பற்றியது. அந்த லினக்ஸைக் கருவாகக் கொண்ட ஆண்ட்ராய்டு, 2008ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த கைப்பேசியில் இடம்பெற்றது.

யூனிக்ஸில் ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் எண் என்றோம். ஆண்ட்ராய்டிலோ ஒவ்வொரு செயலிக்கும் ஓர் எண். வேற்றூரில் விடுதி அறையெடுத்துத் தங்கியோருக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு செயலியும் தனி அறையில் குடியிருக்கிறது. வங்கிச் செயலியின் பெட்டியை விளையாட்டுச் செயலி திறந்து பார்க்க இயலாது. இரண்டுக்கும் இடையே சுவர் உண்டு. எல்லா அறைகளையும் திறக்கும் மூலச்சாவி ஒன்று இருக்கிறது. ஆனால் அச்சாவியைக் கருவியின் உள்ளமைப்பு தன்னிடமே வைத்துக்கொள்கிறது. விலை கொடுத்து வாங்கிய உரிமையாளருக்குங்கூட அது தரப்படுவதில்லை. அதைப் பெறுவதைத்தான் ரூட் செய்தல் என்கிறோம்.

அந்த முதற் கைப்பேசியைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. அதன் தொடக்கப் பதிப்பொன்றில் ஒரு பிழையிருந்தது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும், அது திரையில் தோன்றுவதோடு, மறைவில் ரூட்டின் கட்டளையாகவும் நிறைவேறியது. நண்பருக்கு எழுதும் செய்தியில் 'ரீபூட்' என்ற சொல்லைத் தட்டி வரியை முடித்தவுடன் கருவி அணைந்து மீண்டும் எரிந்தது! பிழை விரைவில் திருத்தப்பட்டது. ஆயினும், திருத்தத்தை ஏற்காமல் அப்பிழையின் வழியே சாவியைக் கைப்பற்றிக்கொண்டோரும் இருந்தனர்.

தமிழர் பலர் இச்சாவியை நாடியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. தொடக்ககால ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. ஊரிலிருந்து தமிழில் வந்த செய்தி வெறுங் கட்டங்களாகத் தோன்றியது. எழுத்துருக் கோப்பை எங்கிருந்தேனும் பெற்றுவிடலாம். ஆனால் அதனை வைக்கவேண்டிய இடம் உள்ளமைப்பின் அடைவு. அங்கே எழுத ரூட் உரிமை வேண்டும். தாய்மொழியைப் படிப்பதற்காகப் பூட்டை உடைக்கவேண்டியிருந்த காலம் அது. பின்னர் வந்த பதிப்புகளில் தமிழ் எழுத்துரு சேர்க்கப்பட்டுவிட்டமையால், இன்று அந்தத் தேவை இல்லை.

நிற்க. அந்நாளில் ரூட் செய்வது எளிது. உள்ளமைப்பின் அடைவில் சிறு நிரல் ஒன்றை வைத்துவிட்டால் போதும். இன்று அவ்வழி அடைபட்டுவிட்டது. காரணத்தை அறிந்தோர்க்கே தோல்வியின் காரணமும் புலப்படும். ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம்.

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது, சில்லிலேயே பொறிக்கப்பட்டு எவராலும் மாற்ற இயலாத சிறு நிரல். அது பூட்லோடர் என்னும் வாயிற்காவலனைச் சோதித்து எழுப்புகிறது. காவலன், பூட் இமேஜ் எனப்படும் தொடக்கக் கோப்பின் முத்திரையைச் சோதிக்கிறான். முத்திரை உற்பத்தியாளருடையதாக இருந்தால்தான் அதனை உள்ளே விடுவான். தொடக்கக் கோப்பிலுள்ள லினக்ஸ் கரு எழுந்து, உள்ளமைப்பின் ஒவ்வொரு பகுதியையும் படிக்குந்தோறும் கணக்குச் சரிபார்க்கிறது. ஓரெழுத்து மாறியிருந்தாலும் கணக்கு இடிக்கும். இவ்வாறு ஒருவர் கையை ஒருவர் பற்றிய சங்கிலியாகச் சோதனை செல்கிறது. 2016இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலிருந்து இச்சோதனை கண்டிப்பாக்கப்பட்டது. எனவே, உள்ளமைப்பில் எதையேனும் நுழைத்தால் கருவி எழவே மறுக்கும்.

அதே 2016இல் ஜான் வூ என்பவர் வெளியிட்ட மேஜிஸ்க் என்ற கருவி வேறொரு வழியைக் கையாண்டது. அது உள்ளமைப்பைத் தொடுவதே இல்லை. தொடக்கக் கோப்பினுள் மட்டும் தன்னை அமைத்துக்கொண்டு, கைப்பேசி எழும்பொழுது எல்லாருக்கும் முன்னதாக எழுந்து, வேண்டிய மாற்றங்களை நினைவகத்தில் மட்டும் செய்கிறது. மூலப் பிரதியில் கை வைக்காமல், அதன் மேல் மெல்லிய தாளை விரித்து எழுதுவது போன்றது இது. ஆனால் தொடக்கக் கோப்பை மாற்றினால் முத்திரை கெடும். கெட்ட முத்திரையைக் காவலன் ஏற்கமாட்டான். ஆகவே முதலில் காவலனைப் பணியிலிருந்து விலக்கவேண்டும். இதுவே பூட்லோடர் பூட்டை நீக்குதல்.

இதனால் ரூட் செய்யும் பணி மூன்று படிகளாக அமைகிறது. முதற்படி, பூட்டை நீக்குவது. இரண்டாம் படி, தன் கருவிக்குரிய தொடக்கக் கோப்பைப் பெற்று மேஜிஸ்க் செயலியிடம் தந்து திருத்துவது. மூன்றாம் படி, திருத்திய கோப்பைக் கணினியின் துணைகொண்டு கருவியில் எழுதுவது. முயற்சி தவறியவர் செய்யவேண்டிய முதல் வேலை, தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெளிவதே. மூன்றாம் படியில் இருப்பவர் முதற்படிக்குரிய மருந்தை உண்பதால்தான் சிறு தவறு பெருந்தவறாகிறது.

முதற்படியை நோக்குவோம். கைப்பேசியின் அமைப்புகளில் 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழுமுறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' என்ற பகுதி தோன்றும். அதில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' என்ற இசைவை இயக்கவேண்டும். அது மங்கிக் கிடந்து தொட இடந்தராவிடில், முதலில் இணைய இணைப்பைத் தந்து பார்க்கவேண்டும். பல கருவிகள் உற்பத்தியாளரின் கணினியைக் கலந்த பின்னரே இசைவு தரும். சில நிறுவனங்கள் கணக்குப் பதிவு செய்து சில நாள் காத்திருக்கச் சொல்லும். அக்காத்திருப்பைக் குறுக்கு வழியில் கடக்க முயல்வது வீண். வேறு சில நிறுவனங்கள் பூட்டை நீக்க அனுமதிப்பதே இல்லை. உம்முடையது அவ்வகையாயின், ரூட் செய்யும் எண்ணத்தை அங்கேயே நிறுத்திவிடுதல் நன்று.

பூட்டை நீக்கும்பொழுது கருவியிலுள்ள அனைத்தும் அழிக்கப்படும். இதனைப் பிழையென்று கருதி அஞ்சுவோர் உளர். திருடன் ஒருவன் பூட்டை நீக்கி உமது படங்களையும் கடிதங்களையும் பார்த்துவிடாதிருக்க வேண்டுமென்றே அமைத்த காவல் அது. ஆகவே படங்கள், தொலைபேசி எண்கள், உரையாடல்கள் ஆகியவற்றை முன்னரே வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். சேமித்தபின் அதனைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். நுழைவுக் குறியெண் தரும் செயலிகளைப் பலர் மறந்துவிடுவர். அவை அழிந்தால் மின்னஞ்சலுக்குள்ளும் நுழைய முடியாமற் போகலாம். பூட்டு நீங்கிய பின்னர், ஒவ்வொருமுறை எரியும்பொழுதும் எச்சரிக்கை வாசகம் ஒன்று தோன்றும். அதுவும் பழுதன்று, காவலன் பணியில் இல்லை என்பதற்கான அறிவிப்பே.

இரண்டாம் படியில்தான் மிகப் பெரும்பாலான தோல்விகளுக்கு விதை ஊன்றப்படுகிறது. தொடக்கக் கோப்பு உமது கருவியின் மாதிரிக்கு உரியதாக இருந்தால் மட்டும் போதாது. அதில் இப்பொழுது ஓடும் பதிப்பிற்கே உரியதாகவும் இருக்கவேண்டும். எம் பழைய கைப்பேசி மாலை முழுவதும் அணைந்து அணைந்து எரிந்த காரணம் இதுவே. கோப்பை இறக்கி வைத்தது ஒரு வாரம். மறுவாரம் கருவி இரவோடிரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. நாம் பழைய கோப்பையே திருத்தி எழுதினோம். பில்டு நம்பரை ஒருமுறை ஒப்புநோக்கியிருந்தால் அந்த அலைச்சல் நேர்ந்திராது. பதிமூன்றாம் பதிப்போடு விற்பனைக்கு வந்த கருவிகளில் வேறொரு நுட்பமும் உண்டு. அவற்றில் திருத்தவேண்டிய பகுதி 'பூட்' கோப்பில் இல்லாமல் 'இனிட் பூட்' என்ற தனிக் கோப்பில் இருக்கும். இதை அறியாமல் பூட் கோப்பைத் திருத்தியவர்கள், எல்லாம் சரியாக முடிந்தது போலத் தோன்றியும், மேஜிஸ்க் செயலியில் 'நிறுவப்படவில்லை' என்ற குறிப்பையே காண்பர்.

மூன்றாம் படிக்கு வருவோம். கைப்பேசியை ஃபாஸ்ட்பூட் என்ற நிலையில் எழுப்பிக் கணினியோடு இணைக்கவேண்டும். சாம்சங் கருவிகளில் இதற்கு ஈடாக டவுன்லோடு நிலையும் ஓடின் என்ற கணினி நிரலும் உள்ளன. கட்டளையிட்டதும், 'கருவிக்காகக் காத்திருக்கிறேன்' என்ற பொருள்பட ஒரு வரி தோன்றிக் கணினி அசையாது நிற்பது இங்கே காணும் முதற் தொல்லை. கைப்பேசிக்கு எந்தக் கேடும் நேரவில்லை. இருவரும் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்பதே இதன் பொருள். முதலில் கம்பியை மாற்றிப் பாரும். மின்னேற்றத்திற்கு மட்டும் பயன்படும் மலிவான கம்பிகளில் தகவல் செல்லும் இழைகளே இருப்பதில்லை. அடுத்துக் கணினியில் வேறு துளையில் செருகிப் பாரும். விண்டோஸ் கணினியாயின், ஃபாஸ்ட்பூட் நிலைக்குரிய டிரைவரைத் தனியே நிறுவவேண்டும். சாதாரண நிலையில் கைப்பேசியை அறிந்துகொண்ட கணினி, ஃபாஸ்ட்பூட் நிலையில் அதனை வேறொரு கருவியாகவே காணும்.

எழுதி முடித்தபின் கருவி சின்னத்திலேயே சுழன்று நின்றால், பதறவேண்டா. ஃபாஸ்ட்பூட் நிலைக்குச் செல்ல முடிகிறதா என்று மட்டும் பாரும். பல கருவிகளில் மின்விசையையும் ஒலி குறைக்கும் விசையையும் ஒருசேர அழுத்தினால் அந்நிலை கிட்டும். கிட்டிவிட்டால் கருவி உயிரோடிருக்கிறது. திருத்தாத மூலத் தொடக்கக் கோப்பை அதே இடத்தில் எழுதினால் பெரும்பாலும் பழையபடி எழுந்துவிடும். இதற்காகவே மூலக் கோப்பின் பிரதியொன்றைக் கணினியில் முன்கூட்டியே வைத்திருத்தல் இன்றியமையாதது. இன்றைய கருவிகள் பலவற்றில் ஒரே பகுதி 'ஏ', 'பி' என இரட்டையாக இருக்கும். ஒன்றில் எழுதிவிட்டு மற்றொன்றிலிருந்து எழ முயல்வதும் ஒரு காரணமாகலாம். எது நடப்பில் உள்ளது என்று கேட்டறிந்து அதில் எழுதவேண்டும்.

சில நாள் ஒழுங்காக ஓடிப் பின் திடீரெனச் சுழல்வதும் உண்டு. அப்பொழுது மேஜிஸ்கில் சேர்த்த மாட்யூல் எனும் துணைத்தொகுதிகளுள் ஒன்றே பெரும்பாலும் குற்றவாளி. கருவியைப் பாதுகாப்பு நிலையில் ஒருமுறை எழுப்பினால் அத்தொகுதிகள் யாவும் செயலிழக்கும். பின் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். உற்பத்தியாளரின் புதுப்பிப்பு வந்தபின் ரூட் மறைந்துபோனால், அதற்கும் வியப்படைய வேண்டியதில்லை. புதுப்பிப்பு தன்னுடைய புதிய தொடக்கக் கோப்பைப் பழையதன் இடத்தில் வைத்துவிட்டது. இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும்.

மூன்று செயல்களை மட்டும் எந்நிலையிலும் செய்யலாகாது. திருத்திய கோப்பு உள்ளே இருக்கும்பொழுது பூட்லோடரை மீண்டும் பூட்டாதீர். திரும்பி வந்த காவலன் முத்திரை கெட்ட கோப்பைக் கண்டு கதவை அடைத்துவிடுவான். பழைய பதிப்புக்குப் பின்னோக்கிச் செல்ல அவசரப்படாதீர். பின்னேற்றத்தைத் தடுக்கும் அமைப்புள்ள கருவிகள் அதனால் முற்றிலும் முடங்கக்கூடும். 'ஒரே தட்டலில் ரூட்' என்று ஆசை காட்டும் செயலிகளை நம்பாதீர். எல்லா அறைகளின் சாவியையும் பெயர் தெரியாதவனிடம் நீட்டுவதற்கு அது ஒப்பாகும்.

இனி, எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்றே கொள்வோம். அதன் பின்னர் வருவதே நம்மவர் நன்கு சிந்திக்கவேண்டிய செய்தி. மூலச்சாவி உள்ள கருவியில் சுவர்கள் உறுதியற்றவை. ரூட் உரிமை பெற்ற செயலி ஒன்று வங்கிச் செயலியின் பெட்டியையும் திறக்கலாம். ஆகையால் வங்கிச் செயலிகளும் யூபிஐ செயலிகளும் இத்தகைய கருவிகளில் இயங்க மறுப்பது வழக்கமாகிவிட்டது. பாரத ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட மின்னணுப் பணப்பரிமாற்றப் பாதுகாப்பு நெறிகளும், ரூட் செய்த கருவியைக் கண்டறிந்து தடுக்கும் ஏற்பாட்டை ஆராயுமாறு வங்கிகளுக்குக் கூறுகின்றன. கூகுளின் 'பிளே இன்டெக்ரிட்டி' என்ற சோதனை, ரூட் செய்யாமல் பூட்டை மட்டும் நீக்கிய கருவியையும் ஐயுறும். இச்சோதனைகளை ஏமாற்றும் உபாயங்கள் அவ்வப்பொழுது தோன்றுகின்றன. இன்று பலித்தது நாளை பலிப்பதில்லை. சாம்சங் கருவிகள் பலவற்றில் அதிகாரப்பூர்வமற்ற கோப்பை எழுதியவுடன் நாக்ஸ் என்னும் மின்னுருகி ஒன்று எரிந்துவிடும். பின்னர் மூல நிலைக்கே திரும்பினாலும் அது மீளாது; அதனைச் சார்ந்த பாதுகாப்பு வசதிகளும் திரும்பக் கிடையா.

ஊரில் இருப்பவருக்கு இது சிறு தொல்லை. பக்கத்து வங்கிக் கிளைக்கு நடந்து சென்றுவிடலாம். அயல் மாநிலத்தில், ஒரே கைப்பேசியை நம்பி, வங்கிக் கணக்கைச் சொந்த ஊர்க் கிளையில் வைத்துக்கொண்டு வாழ்பவரின் நிலை அவ்வாறன்று. மருத்துவச் செலவுக்கு அம்மா பணம் கேட்கும் நாளில், "இக்கருவியில் இயங்க இயலாது" என்ற வரி திரையில் தோன்றினால் அவர் என் செய்வார்? ஆதலின் எம் கருத்தைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம்: பணமும் உறவும் தங்கியிருக்கும் ஒரே கைப்பேசியை ரூட் செய்யவேண்டா. பெட்டியின் அடியில் உறங்கும் பழைய கருவி இருந்தால், அதில் தாராளமாகச் செய்து பழகலாம். கெட்டாலும் பாடம் மிஞ்சும். பிழைத்தால் பயனுள்ள கருவியொன்று மிஞ்சும்.

தேவையை முதலில் வரையறுத்துக்கொண்டால், சாவியே வேண்டாமற் போவதும் உண்டு. உற்பத்தியாளர் திணித்து அனுப்பிய செயலிகள் இடத்தை அடைக்கின்றன என்பது குறையாயின், கணினியில் ஏடிபி என்ற நிரலைக்கொண்டு அவற்றை உமது பயனர் கணக்கிலிருந்து அகற்றலாம். அதற்கு ரூட் தேவையில்லை, பூட்டையும் தொடவேண்டா. தமிழில் தட்டெழுதுவதற்கும் அது தேவையில்லை. கைவிடப்பட்ட பழைய கருவிக்குப் புதிய ஆண்ட்ராய்டு வேண்டுமாயின், லினேஜ் ஓஎஸ் போன்ற மாற்று முறைமைகள் சில மாதிரிகளுக்குக் கிடைக்கின்றன. அவற்றை நிறுவப் பூட்டை நீக்கவேண்டுமேயன்றி ரூட் உரிமை கட்டாயமன்று.

தாம் வாங்கிய பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய விரும்புவது நியாயமான ஆசை. அவ்வாசையை யாம் குறை கூறமாட்டோம். அதனால் கணினித் தொழிலில் தேர்ந்தோர் பலர். இவ்வாரம் நேயர்கள் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. தம் கைப்பேசியின் பில்டு நம்பரை ஒரு தாளில் குறித்துக்கொள்க. முக்கியமான படங்களையும் எண்களையும் வேறிடத்தில் சேமித்து, அவை திறக்கின்றனவா என்று பார்த்துக்கொள்க. ரூட் செய்ய எண்ணுவோர்க்கு அது முதற்படி. எண்ணாதோர்க்கும், கருவி இரயிலில் தொலைந்துபோகும் நாளில், அது பெருந்துணையாகும்.